மண்ணுக்குள் ஓடும் கம்பியும் மின்னலின் அடியும்



கம்பத்தின் மேல் ஓடும் மின்கம்பியைக் கண்டால் நமக்கு இயல்பாகவே ஒரு பயம் உண்டு. காற்றடித்துக் கம்பி அறுந்து விழுந்தால் பக்கத்தில் போக மாட்டோம். பிள்ளைகளையும் விட மாட்டோம். ஆனால் அதே மின்சாரம் மண்ணுக்குள் புதைத்த கம்பி வழியாக வந்தால் அந்தப் பயம் போய்விடுகிறது. "புதைத்தாயிற்று, மேலே கனமான உறையும் போட்டாயிற்று, இனி அதற்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று நினைத்துவிடுகிறோம்.

இன்று நாம் பேசப்போவது அந்தப் புதைகம்பியைப் பற்றித்தான். உறை போட்ட உலோகக் கம்பி ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது. அதன்மேல் திடீரென்று பெரும் மின்னழுத்தம் ஒரு துடிப்பாக வந்து மோதுகிறது. அப்பொழுது கம்பிக்கு என்ன நேருகிறது, உறைக்கு என்ன நேருகிறது, அதற்கும் லயத்தில் குடியிருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் துடிப்பு என்றால் என்ன? குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று மூடிப் பாருங்கள். குழாய் முழுவதும் 'டக்' என்று அதிரும். தண்ணீரின் வழக்கமான அழுத்தம் வேறு, அந்த ஒரு நொடியில் தாக்கும் அழுத்தம் வேறு. வழக்கமான அழுத்தத்தைப் பல ஆண்டுகள் தாங்கிய பழைய குழாய், இப்படிப்பட்ட ஓர் அதிர்ச்சியில் வெடித்துவிடுவதும் உண்டு. மின்சாரத்திலும் இதே கதைதான். நம் வீட்டுக்கு வரும் அழுத்தம் ஏறக்குறைய 230 வோல்ட். அது நாள் முழுதும் நிதானமாக இருக்கும். மின்னல் தரும் துடிப்போ ஒன்றிரண்டு மைக்ரோ விநாடிக்குள் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறி, உடனே இறங்கிவிடும். மைக்ரோ விநாடி என்பது ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கண் இமைக்கும் நேரம் அதற்கு ஒரு யுகம்.

இந்த அடிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. நம் ஜொகூருக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 170 நாட்கள் அளவில் இடி முழங்குவதாக வானிலைக் கணக்குக் கூறுகிறது. ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு நாள்! பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் இது இன்னும் அதிகம். மின்னல் விழும்போது பாயும் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். நம் வீட்டு மின்விசிறி ஒரு ஆம்பியர்கூட எடுப்பதில்லை.

நேயர்களே, புதைகம்பியைத் துடிப்பு கொல்லும் என்ற பாடத்தை உலகம் படித்தது 1858-ஆம் ஆண்டில். அந்தக் கதையில் நம் ஜொகூருக்கும் ஒரு பங்கு உண்டு.

ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து இங்கே வருவதற்கு முன்பே, இந்த மண்ணில் பால் தரும் மரம் ஒன்று இருந்தது. மலாய்க்காரர்கள் அதைத் தாபான் என்பார்கள். அதன் பாலுக்கு கெத்தா பெர்ச்சா என்று பெயர். வெந்நீரில் போட்டால் மாவு போல் இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். மலாய் மக்கள் அதைப் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, 1843-இல் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். அது தண்ணீரை உள்ளே விடாது, மின்சாரத்தை வெளியே விடாது என்று கண்டார்கள். தந்திக் கம்பிக்கு உறை போட இதைவிட நல்ல பொருள் அன்று உலகத்தில் கிடையாது. விலை ஏறியது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் இந்த வணிகத்தால் பெரும் செல்வம் ஈட்டினார் என்பது வரலாறு.

ரப்பர் மரத்தை நாம் பட்டை சீவி, பல ஆண்டுகள் பால் எடுக்கிறோம். தாபான் மரத்தை அப்படிச் செய்யவில்லை. வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். காடு காடாக மரம் அழிந்தது. அந்தப் பால்தான் கடலுக்கடியில் போடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று.

1858 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் தந்திக் கம்பி போட்டு முடிக்கப்பட்டது. உள்ளே செம்புக் கம்பி, சுற்றிலும் கெத்தா பெர்ச்சா உறை, அதற்கு மேல் இரும்புக் கம்பிக் கவசம். ஆனால் செய்தி மிக மெதுவாகவே போயிற்று. விக்டோரியா ராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது.

ஏன் இந்தத் தாமதம்? இதற்கான விடையை மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1854-லேயே காட்டியிருந்தார். காற்றில் தொங்கும் கம்பி வேறு, நீரிலோ ஈரமண்ணிலோ கிடக்கும் உறைபோட்ட கம்பி வேறு என்றார் அவர். உள்ளே செம்பு, நடுவில் உறை, வெளியே ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு நீண்ட பாத்திரம் ஆகிவிடுகிறது. ஒரு முனையில் மின்சாரத்தை ஊற்றினால், வழியெல்லாம் பாத்திரம் நிரம்பிய பிறகுதான் மறுமுனைக்கு எட்டும். கூர்மையாக அனுப்பிய துடிப்பு, போய்ச் சேரும்போது மழுங்கி, நீண்டு, குழம்பிவிடும்.

அந்தக் கம்பெனியின் மின் நிபுணராக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. மெதுவாகப் போகிறதா, பலமாக அடிப்போம் என்று நினைத்தார். ஐந்தடி நீளமுள்ள பெரிய சுருள்களை வைத்து, ஏறத்தாழ 2,000 வோல்ட் துடிப்புகளைக் கம்பிக்குள் செலுத்தினார். அந்தக் கம்பியின் உறையிலோ முன்பே குறைகள் இருந்தன. சில இடங்களில் செம்பு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. வெயிலில் கிடந்து உறை இளகிய இடங்களும் உண்டு. துடிப்புகள் அந்த மெலிந்த இடங்களைத் தேடிப் பிடித்தன. செப்டம்பர் தொடக்கத்தில் கம்பி பயனற்றுப் போயிற்று. ஒரு மாதம்கூட ஓடவில்லை.

குறையுள்ள உறை தானாகவே சில காலம் கழித்துக் கெட்டிருக்கலாம். ஆனால் அதைச் சீக்கிரம் முடித்து வைத்தது அந்தத் துடிப்புகள்தாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. 1866-இல் உறையைத் தடிப்பாக்கி, நல்ல செம்பு போட்டு, புதிய கம்பி போட்டார்கள். முந்திய ஆண்டு நடுக்கடலில் அறுந்துபோன கம்பியையும் மீட்டு முடித்தார்கள். பிறகு லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் இரண்டு கம்பிகளையும் அக்கரையில் ஒன்றாக இணைக்கச் சொன்னார். தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளிக் கூட்டில் சிறிது அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் போட்டு ஒரு குட்டி மின்கலம் செய்தார். அதிலிருந்து வந்த மின்சாரம் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது! 2,000 வோல்ட் செய்ய முடியாததை, ஒரு விரற்கூடு செய்தது. நல்ல உறையும், அதைத் துன்புறுத்தாத மின்சாரமும், வில்லியம் தாம்சன் அமைத்த நுட்பமான கருவியும் சேர்ந்ததால் வந்த வெற்றி அது. அதற்குப் பிறகு 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி வந்தது. ஊரிலிருந்து இங்கே 'தந்தி' வந்ததெல்லாம் அந்த வழியாகத்தான் தொடங்கியது.

இனி நம் தோட்டத்து மண்ணுக்கு வருவோம்.

இன்றைய புதைகம்பிகளுக்குப் பாலித்தீன் வகை உறை போடுகிறார்கள். கெத்தா பெர்ச்சாவைவிட அது பல மடங்கு உறுதி. ஆனாலும் துடிப்பின் இயல்பு மாறவில்லை. மின்னல் அதை இரண்டு வழியில் தாக்கும்.

முதல் வழி, மேலிருந்து வருவது. தோட்டத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் கம்பத்தின் மேல் வந்து, ஒரு கம்பத்தில் கீழே இறங்கி, அங்கிருந்து மண்ணுக்குள் போகும். மேலே ஓடும் கம்பியில் மின்னல் விழுந்தால் துடிப்பு அலையாக ஓடிவரும். கேபிளுக்குள் நுழையும்போது அந்த அலை பெரிதும் தணியும். நெடும்பள்ளத்தில் வரும் நீரலை அகன்ற குளத்தில் சேர்ந்தால் தணிவது போல. ஆனால் கேபிளின் மறுமுனை மூடிக் கிடந்தால், அலை அங்கே மோதித் திரும்பும். வாய்க்காலில் வரும் அலை சுவரில் மோதினால் உயரமாக எழும்பும் அல்லவா? அது போல, மோதும் இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கேபிளுக்குள் துடிப்பு ஒரு மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் அளவில் ஓடும். ஆகவே 300 மீட்டர் நீளமுள்ள கேபிளில், நாம் இடிச் சத்தத்தைக் கேட்பதற்கு வெகு முன்னரே, அது பல தடவை போய்ப் போய்த் திரும்பியிருக்கும்.

இரண்டாவது வழி, மண்ணிலிருந்து வருவது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்னல் ஒரு மரத்தில் விழுகிறது. 30,000 ஆம்பியரும் வேர் வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். அந்த மண் 10 ஓம் தடை காட்டினால், 30,000-ஐ 10-ஆல் பெருக்குங்கள்: அந்த இடத்து மண்ணின் அழுத்தம் 3 லட்சம் வோல்ட் ஆகிவிடுகிறது. பக்கத்தில் புதைந்திருக்கும் கம்பியின் செம்போ வெகு தூரத்திலுள்ள நிலத்தோடு இணைந்திருப்பதால், அதன் அழுத்தம் அப்படி ஏறுவதில்லை. ஆக, உறைக்கு வெளியே லட்சக்கணக்கான வோல்ட், உள்ளே சில நூறு. நடுவில் இருப்பது ஒரு சில மில்லிமீட்டர் உறை மட்டுமே. மெலிந்த இடம் கிடைத்தால் மின்சாரம் மண்ணிலிருந்து உள்ளே துளைத்துச் செல்லும். ஊசிமுனை அளவே துளை விழும். மரத்திலிருந்து கேபிளுக்கு மண்ணுக்குள்ளேயே தீப்பொறி பாய்ந்து செல்வதும் உண்டு. மாடுகள் மரத்தடியில் மடிவதற்கும் இதே காரணம்தான்: முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மண்ணின் அழுத்தம் வேறுபடுகிறது.

ஊசித்துளை விழுந்த அன்றே விளக்கு அணைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. துளை வழியே மழைநீர் மெல்ல இறங்கும். மாதங்கள் போகும். ஒரு நாள், வானம் வெளுத்திருக்கும்போதே கேபிள் எரிந்து போகும். காரணம் யாருக்கும் விளங்காது.

உறைக்குள்ளேயும் ஒரு நோய் உண்டு. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தால், பாலித்தீன் உறைக்குள் கிளை விட்ட செடி போன்ற நுண்ணிய வெண்தடங்கள் வளரும். அதை 'நீர்மரம்' என்கிறார்கள். 1970-களில் உலகின் பல நாடுகளில் புதைத்த கேபிள்கள் இதனால் கெட்டன. அமைதியான மின்சாரத்தில் நீர்மரம் வெகுகாலம் பேசாமல் இருக்கும். பலமான துடிப்பு ஒன்று வந்தால், அதன் நுனியிலிருந்து கருகிய தடம் ஒன்று பிறந்து, உறையைப் பிளந்துவிடும்.

இதையெல்லாம் ஆராய மின்னலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1920-களில் ஜெர்மனியில் எர்வின் மார்க்ஸ் என்பவர் செயற்கைத் துடிப்பு தரும் பொறியை அமைத்தார். பல மின்தேக்கிகளைத் தனித்தனியே நிரப்பி, ஒரே கணத்தில் வரிசையாக இணைத்துவிட்டால் எல்லா அழுத்தமும் கூடிப் பாயும். நம் ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உயர் மின்னழுத்த ஆய்வுக்கென்றே ஒரு கழகம் உண்டு. உயரழுத்தக் கேபிள் வகைகளைச் சோதிக்கும்போது, கம்பியைச் சூடாக்கி, 10 நேர்த் துடிப்பு, 10 எதிர்த் துடிப்பு கொடுத்து, உறை தாங்குகிறதா என்று பார்ப்பது உலகளாவிய முறை.

சோதனையில் தேறிய கேபிள் தோட்டத்தில் ஏன் தோற்கிறது? இங்கேதான் நாம் வருகிறோம், நேயர்களே. புதிய உறை பெரிய அடியையும் தாங்கும். கீறல் பட்ட உறை சிறிய அடியையும் தாங்காது. துடிப்பு எப்பொழுதும் மெலிந்த இடத்தைத்தான் தேடும். வேலிக்குக் கால் நடும்போதும், வாழைக்குக் குழி வெட்டும்போதும், மண்வெட்டி கேபிளில் பட்டுவிடுகிறது. விளக்கு எரிகிறதே என்று மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறோம். அந்தக் கீறலை நாம் மறந்துவிடுவோம். அடுத்த மின்னல் மறக்காது. கேபிளின் மேல் பெரும்பாலும் மணலும், செங்கல் அல்லது ஓடும், எச்சரிக்கைப் பட்டையும் போட்டிருப்பார்கள். அவை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடி பட்டுவிட்டால் மறைக்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். ஏச்சு விழுமே என்று அஞ்சி மறைப்பது, பிறகு ஓர் உயிருக்கு விலையாகலாம். மின்சாரத்தை நிறுத்திய கேபிளையும் கையால் தொடக்கூடாது. ஃபாரடே காட்டியபடி அது மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும்.

அடுத்தது, துடிப்புக்கு வழி விடுவது. தண்ணீர்த் தொட்டியின் மேல்விளிம்பில் வழிவுத்துளை வைக்கிறோம். மிஞ்சிய நீர் அதன் வழியே போய்விடும், தொட்டி உடையாது. மின்சாரத்திலும் அப்படி ஒரு கருவி இருக்கிறது. கேபிள் இறங்கும் கம்பத்தில் குட்டை வாழைப்பூ போலத் தொங்கும் மின்னல் தடுப்பான் அது. அதற்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கும். வழக்கமான அழுத்தத்துக்கு அவை கதவை மூடியிருக்கும். துடிப்பு வந்தால் திறந்து, மண்ணுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கு அனுப்ப ஒரு பாதை வேண்டும். அதுதான் கம்பத்திலிருந்து இறங்கும் எர்த் கம்பி. செம்புக்கு நல்ல விலை என்று அதை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்குச் சில வெள்ளி கிடைக்கும். வழிவுத்துளை அடைபட்ட தொட்டியோ நம் லயத்தின் தலைக்கு மேல் நிற்கும்.

வீட்டுக்குள் ஒரு காவலாளி உண்டு. மீட்டருக்குப் பக்கத்திலிருக்கும் ஈ.எல்.சி.பி. என்ற விசை அது. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்க்கிறது. வித்தியாசம் வந்தால், மின்சாரம் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள். ஒருவேளை ஒரு மனிதரின் உடல் வழியாகவும் கசியலாம். உடனே அது விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இடி இடிக்கும்போதும் அது அடிக்கடி விழும். கேபிளின் உறை வழியே துடிப்பு ஒரு கணம் மண்ணுக்குக் கசிவதே காரணம். இது நமக்குத் தொல்லைதான். இரவில் ஐஸ்பெட்டி நின்றுவிடும், பிள்ளைகள் புழுங்குவார்கள். அதற்காக விசையைக் கட்டி வைப்பதும், "அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுங்கள்" என்று கேட்பதும் காவலாளியைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். நாளைக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தில் கசிவு வந்தால், ஈரக்கையோடு அதைத் தொடும் நம் வீட்டுப் பெண்பிள்ளையைக் காப்பாற்ற யாரும் இருக்க மாட்டார்கள்.

இடி ஓய்ந்த பிறகு விசையைத் தூக்கிவிடுங்கள். நின்றால் நல்லது. மறுபடியும் விழுந்தால் வீட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது; உரிமம் பெற்ற மின் ஊழியரை அழையுங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விசை விழ வேண்டும். விழாவிட்டால் காவலாளி தூங்குகிறார் என்று பொருள்.

மழை கறுத்து வரும்போதே தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி முதலியவற்றின் செருகியைப் பிடுங்கிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கம்பிகளில் கை வைக்க வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து மரத்துக்கு இரும்புக் கம்பியால் துணிக்கொடி கட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மரத்தில் விழும் மின்னலை வீட்டுக்கு அழைத்து வரும் பாதை அது.

நேயர்களே, புதைத்துவிட்டதால் மட்டும் எந்தக் கம்பியும் பத்திரமாகிவிடாது. உறை காயப்படாமல் இருக்க வேண்டும், மிஞ்சிய மின்சாரம் மண்ணுக்குப் போக வழி இருக்க வேண்டும். இவற்றில் முதலாவதை அட்லாண்டிக் கடலில் பெரும் பொருள் இழந்து உலகம் கற்றுக்கொண்டது. நாம் உயிரை இழந்து கற்க வேண்டியதில்லை. உங்கள் லயத்தில் எர்த் கம்பி அறுபட்டிருக்கிறதா, ஈ.எல்.சி.பி. கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பழுது இருந்தால் நாலு குடும்பம் சேர்ந்து போய் அலுவலகத்தில் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை, செய்ய வேண்டியது அவர்கள் கடமை.